வெயிலும் தண்ணீரும் தேர்ந்தெடுத்த செடிகள்: சென்னைக் கடலோர வீடு ஒன்றின் பூந்தோட்டம்

பின்னணி

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குடியிருப்பில் ஒரு கிரவுண்டு மனை. கிழக்குப் பார்த்த மாடி வீடு, கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 23 அடி உயரம். கடல் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வாசல் பக்கம் கேட் போக 24 அடி நீளத்துக்கு 5 அடி அகலத்தில் மண் தரை, வடக்கிலும் தெற்கிலும் தலா 5 அடிச் சந்து, மேற்கே 8 அடியில் கொல்லை. தெற்கு மனை காலியாகக் கிடந்தது.

வீட்டில் ஐந்து பேர்: பணி ஓய்வை நெருங்கிய தம்பதி, கணவரின் தாயார், மகள், இரண்டு வயதுப் பேத்தி. ஆளுக்கொரு தேவை. தாயாருக்குத் தினமும் காலைப் பூஜைக்குக் கை நிறையப் பூ வேண்டும், மாலையில் கட்ட மல்லி வேண்டும். மகளுக்கு ரோஜா மேல் ஆசை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தாயாரின் மருமகளுடையது. அவரால் காலையில் அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும்.

முதல் தோட்டம்: 2022 ஜூலை முதல் 2023 ஜனவரி வரை

குடிவந்த மாதமே நர்சரிக்குப் போய், பூத்து நின்றதைப் பார்த்து 31 செடிகள் வாங்கினார்கள். ரோஜா 6, இட்லிப்பூ 8, குண்டுமல்லி 4, செம்பருத்தி 3, செவ்வரளி 2, காகிதப்பூ 2, பவளமல்லி 1, மீதி ஐந்தும் இலை அழகுக்கான செடிகள். ஆறு மாதத்தில் 18 செடிகள் போய்விட்டன. ரோஜாவிலும் செம்பருத்தியிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இட்லிப்பூவில் பாதி போயிற்று, மிச்சப் பாதி மஞ்சளாக நின்றது. குண்டுமல்லி மூன்று உயிரோடு இருந்தாலும், தெற்குச் சந்தில் இலையாக வளர்ந்ததே தவிர மொட்டு வைக்கவில்லை. அரளியும் காகிதப்பூவும் மட்டும் கவலையில்லாமல் நின்றன.

2023 ஜனவரி இரண்டாம் வாரம் தோட்ட ஆலோசனைக்கு எங்களை அழைத்தபோது அவர்கள் கேட்டது, "எந்த உரம் போடலாம்?" என்பதுதான். உரம் போடும் நிலையில் எந்தச் செடியும் இல்லை. செத்த செடிகளைப் பிடுங்கிப் பார்ப்பதிலிருந்து தொடங்கினோம்.

ரோஜாவைத் தூக்கியபோது வேரோடு வந்தது, நர்சரிப் பையின் வடிவம் மாறாத ஒரு களிமண் உருண்டை. சென்னை நர்சரிகளுக்கு வரும் செடிகளில் பெரும்பங்கு ஆந்திரத்தின் கடியம் பகுதியில் வளர்ந்தவை. தூரப் பயணத்தில் உடையாமல் இருக்கப் பிசுபிசுப்பான களிமண்ணில் வைத்து அனுப்புகிறார்கள். அந்த உருண்டையை அப்படியே மணலில் புதைத்தால், ஊற்றுகிற தண்ணீர் உருண்டையைச் சுற்றி மணல் வழியே இறங்கிவிடும். இந்த உருண்டையை உடைத்தபோது நடுப்பகுதி பொடிப்பொடியாகக் காய்ந்திருந்தது. சுற்றியிருந்த மணலில் ஈரம் இருந்தது. ஆறு மாதமாகியும் ஒரு வேர்கூட வெளியே வரவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றியும் செடி காய்ந்ததற்கு இது ஒரு காரணம்.

குழாய் முனையில் தெரிந்தது

உயிரோடிருந்த மல்லியிலும் இட்லிப்பூவிலும் அடி இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகியிருந்தன, கொழுந்தில் கருகல் இல்லை. தண்ணீர் போதவில்லை என்றால் செடி முழுக்கத் துவளும், கொழுந்துதான் முதலில் தொங்கும். பழைய இலையின் ஓரம் மட்டும் கருகினால் உப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

மோட்டார் அருகே இருந்த குழாயின் முனையில் வெள்ளைக் காரை படிந்து கெட்டியாகியிருந்தது. தோட்டக் குழாயின் முனையோ புதிது போலப் பளபளத்தது. ஒரே போர் தண்ணீர், இரண்டு குழாய், இரண்டு விதம். இரண்டையும் தனித்தனி பாட்டிலில் பிடித்துக் கொஞ்சம் சோப்பு போட்டுக் குலுக்கினோம். தோட்டக் குழாய்த் தண்ணீர் பொங்கி நுரைத்தது, மோட்டார் குழாய்த் தண்ணீர் திரிந்தது. போருக்கும் மேல்தொட்டிக்கும் நடுவே, கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் இருந்தது. தோட்டக் குழாய் மேல்தொட்டியிலிருந்து வந்தது.

சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை. தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தை விடுகிறது. பாத்திரத்துக்கும் குளியலறைக்கும் அது நல்லது, செடிக்கு நேர்மாறு. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் போர் தண்ணீர் லிட்டருக்கு 1,460 மில்லிகிராம், சாஃப்ட்னர் தாண்டியது 1,480. மீட்டரை மட்டும் நம்பியிருந்தால் இரண்டும் ஒன்று என்றே முடிவு செய்திருப்போம்.

இன்னும் இரண்டு கசிவுகள் தெரிந்தன. ஆர்ஓ எந்திரத்தின் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் பிடித்து மல்லிக்கு ஊற்றிவந்தார்கள். அதன் டிடிஎஸ் 2,050. நல்ல எண்ணத்தில் பல வீடுகளில் செய்வதுதான். ஆனால் உள்ளே போன உப்பில் பெரும்பகுதி அந்தக் கழிவில்தான் திரண்டு நிற்கிறது. தரை கழுவ அது போதும். அதைவிட மோசம், வாரம் ஒரு முறை சாஃப்ட்னரை உப்புக் கரைசலால் கழுவும்போது வெளிவரும் கழிவு, கொல்லையில் செம்பருத்தி வரிசையின் தலைமாட்டில் வந்து விழுந்தது. நாட்டுச் செம்பருத்தி எளிதில் சாகிற செடி அல்ல. அது முதலில் செத்ததற்கு அந்தக் குழாய்தான் காரணம்.

தண்ணீருக்கு எடுத்த முடிவுகள்

புதுச் செடி எதுவும் வாங்குவதில்லை, முதலில் குழாய் வேலை என்று பேசி முடித்தோம். சாஃப்ட்னருக்கு முன்னால் டி-ஜாயின்ட் போட்டு, வால்வு வைத்து, தோட்டத்துக்கென ஒரு 500 லிட்டர் தொட்டிக்குப் போர் தண்ணீரை நேரே இறக்கினோம். சாஃப்ட்னர் கழிவு, கழிவுநீர்க் குழாயோடு சேர்க்கப்பட்டது. 1,460 என்பது நல்ல தண்ணீர் இல்லை. ஆனால் மணலில், கால்சியம் உள்ள தண்ணீரை ஆழமாக ஊற்றினால், தாங்கும் செடிகள் வளரும். கொல்லையில் உப்பு விழுந்த இடத்துக்குச் சதுர மீட்டருக்கு அரை கிலோ ஜிப்சம் தூவிக் கிளறி, வாரம் ஒரு தடவை தண்ணீர் தேக்கிவிட்டு, அக்டோபர் வரை காலியாகப் போட்டோம்.

தாங்காத செடிகளுக்கு வேறு தண்ணீர் இருந்தது. மாடி அறை ஏசியின் வடிகுழாயில் ஓர் இரவு வாளி வைத்ததில் 9 லிட்டர் சேர்ந்தது, டிடிஎஸ் 30. நான்கு தொட்டிச் செடிக்குத் தாராளம். ஆக, இந்த வீட்டில் ரோஜாவும் இட்லிப்பூவும் சேர்ந்து நான்கு தொட்டிகளைத் தாண்டக் கூடாது என்று அந்த வாளியே எண்ணிக்கையை வகுத்துக் கொடுத்தது. ஏசி ஓடாத மாதங்களுக்கு மொட்டைமாடி மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வைப்பது என்று ஏற்பாடு.

மண்

மேலே கடற்கரை மணல், ஓரடிக்குக் கீழே கட்டட மிச்சம்: பூச்சுக் கலவை, செங்கல் துண்டு, சிப்பி. ஒரு பிடி மண்ணில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்ததும் நுரைத்துப் பொரிந்தது. சுண்ணாம்பு இருப்பதற்கு அதுவே சாட்சி. இட்லிப்பூவில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்ததற்கு இதுதான் காரணம். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் சுண்ணாம்பு மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. சுவரை ஒட்டி நட்டிருந்த செடிகளில் மஞ்சள் இன்னும் அதிகம், வெள்ளையடித்த சுண்ணாம்பு கழுவிக்கொண்டு இறங்குவது அங்கேதான். அதனால் இட்லிப்பூவைத் தரையில் வைப்பதில்லை என்று முடிவானது. உயிரோடிருந்த நான்கில் தேறும் என்று தோன்றிய இரண்டு மட்டும் தொட்டிக்கு மாறின.

வெயில் கணக்கும் அதில் நேர்ந்த பிழையும்

ஜனவரி மூன்றாம் வாரம் காலை 8, 10, நண்பகல், 2, 4 மணிக்கு நிழல் விழும் கோட்டைச் சாக்பீஸால் வரைந்தோம். முன்பக்கத்தில் நண்பகல் வரை வெயில். தெற்குச் சந்தில் நாள் முழுக்க. வடக்குச் சந்தில் ஒரு துளிகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு பிப்ரவரியில் வடக்குச் சந்தை நிழல் தோட்டமாக்கினோம்: பெரணி, பீஸ் லில்லி, டிரசீனா, தரையிலேயே நட்டது.

மே இரண்டாம் வாரம் பீஸ் லில்லியின் இலைகள் வெளுத்து, நடுவில் காகிதம்போல் எரிந்திருந்தன. நண்பகல் வெயில் வடக்குச் சந்தில் நேரடியாக விழுந்துகொண்டிருந்தது.

பிழை எங்களுடையது. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் உச்சிக்கு வடக்கேதான் நிற்கும். டிசம்பரில் 23 அடி உயர வீட்டின் நண்பகல் நிழல் வடக்கே சுமார் 17 அடி நீளும், 5 அடிச் சந்து அதற்குள் மூழ்கிவிடும். ஜூனில் அதே நிழல் தெற்கே 4 அடிக்குச் சற்று மேல் விழும். அதாவது வெயிலும் நிழலும் வருடத்துக்கு இரண்டு முறை சந்து மாறுகின்றன. ஒரே மாதத்தில் வரைந்த சாக்பீஸ் கோடு பாதி ஆண்டுக்குத்தான் செல்லும்.

மல்லி தெற்கில் மொட்டு வைக்காததும் இதனால் விளங்கியது. குண்டுமல்லி மும்முரமாகப் பூப்பது மார்ச் முதல் ஜூன் வரை. அந்தப் பருவத்தின் நடுவிலேயே தெற்குச் சந்து வெயிலை இழக்கிறது. முன்பக்கம் மட்டும் ஆண்டு முழுக்கக் காலை வெயிலை ஐந்தாறு மணி நேரம் வாங்குகிறது. ஆகவே மல்லிக்கு முன்பக்கத்தைத் தவிர வேறு இடமில்லை.

தெற்குச் சந்துக்கு ஏற்ற செடிகள் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன. டிசம்பர் பூ நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பூக்கிறது, அந்த மாதங்களில்தான் அங்கே வெயில். கனகாம்பரம் கோடையில் அரைநிழலை விரும்பும், குளிர்காலத்தில் வெயிலைத் தாங்கும். வடக்குக்கு நந்தியாவட்டை: ஆறு மாதம் நிழல், நான்கு மாதம் வெயில் இரண்டையும் பொறுத்துக்கொண்டு பூக்கும் செடி அது. தப்பிப் பிழைத்த பெரணி, லில்லி எல்லாம் ஐந்து தொட்டிகளுக்கு மாறின. ஏப்ரல் இரண்டாம் வாரம் வடக்கிலிருந்து தெற்குக்குத் தூக்கி வைப்பது, செப்டம்பரில் திரும்பக் கொண்டுபோவது. ஆண்டுக்கு இரண்டு நாள் வேலை.

பூஜைக் கூடையை வைத்துப் போட்ட பட்டியல்

மாதங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, தாயாருக்கு எந்த மாதம் எந்தப் பூ கிடைக்கும் என்று நிரப்பினோம். மார்ச் முதல் செப்டம்பர் வரை மல்லி. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை விடியலில் உதிரும் பவளமல்லி. நந்தியாவட்டையும் செம்பருத்தியும் ஏறத்தாழ ஆண்டு முழுக்க. ஜனவரி, பிப்ரவரிதான் மெலிந்த மாதங்கள், அவற்றை டிசம்பர் பூவும் கனகாம்பரமும் ஈடுகட்டும். ரோஜா இந்தப் பட்டியலில் வரவே இல்லை. மகளின் விருப்பத்துக்காக இரண்டு பன்னீர் ரோஜா தொட்டியில் வைத்தோம். ஓசூர் பக்கத்திலிருந்து வரும் பெரிய பூ ஒட்டு ரகங்களைவிட இது கடலோர வெக்கையைத் தாங்கும், பூ சிறியதானாலும் மணம் உண்டு.

அரளி

இந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் வெயிலுக்கும் செவ்வரளியைப் போலப் பொருந்துகிற செடி வேறில்லை. ஆனாலும் எடுக்கச் சொன்னோம். இலை, பூ, தண்டு, வேர் என எல்லாப் பாகத்திலும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் நஞ்சு உண்டு. பேத்தி கைக்கு எட்டியதை வாயில் வைக்கும் வயதில் இருந்தாள். தாயார் ஒப்பவில்லை. "அரளி இல்லாம அம்மனுக்கு என்னத்தம்மா வைக்கிறது?" என்று மருமகளிடம் கேட்டார். நாங்கள் வாதாடவில்லை. செம்பருத்தி திரும்ப நடப்பட்டுப் பூக்கும் வரை அரளிப்பூவைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று மருமகள் சொன்னதும் சம்மதித்தார். வெட்டிய கிளைகளை எரிக்கவில்லை, அந்தப் புகையும் கெடுதல். கையுறை போட்டு வெட்டி, மாடு மேயும் இடத்தில் கிடக்காதபடி மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்தினோம்.

நித்யகல்யாணியும் தின்னத் தகாத செடி. அது உப்பையும் வறட்சியையும் நன்றாகத் தாங்குவதால் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே தெருவோரம் விதை தூவினோம். நந்தியாவட்டையில் பால் வரும். எனவே வடக்குச் சந்தின் முனையில் இடுப்பளவு கம்பிக் கதவு ஒன்று போடப்பட்டது.

நடவு: 2023 செப்டம்பர் கடைசி வாரம் முதல்

வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடிக்க மூன்று வாரமாவது கிடைக்கட்டும் என்று இந்தக் காலத்தைத் தேர்ந்தோம். மழை வந்தால் உப்பும் கழுவப்படும்.

முன்பக்கம் குண்டுமல்லி 5, நான்கடி இடைவெளியில். தெற்கில் இருந்த மூன்றை ஓரடி உயரத்துக்கு வெட்டி வேர்மண்ணோடு பெயர்த்து வைத்தோம், இரண்டு புதியவை. தெற்கே கனகாம்பரம் 8, டிசம்பர் பூ 4. வடக்கே நந்தியாவட்டை 4. கொல்லையில் அக்டோபர் மத்தியில் நாட்டுச் செம்பருத்தி 3. கேட்டின் இரு காகிதப்பூவும் வடகிழக்கு மூலையின் பவளமல்லியும் இருந்த இடத்திலேயே விடப்பட்டன.

மல்லிக்கும் செம்பருத்திக்கும் ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி. கட்டட மிச்சத்தைப் பொறுக்கி எறிந்துவிட்டு, செம்மண், தோண்டிய மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு, குழிக்கு 200 கிராம் வேப்பம்புண்ணாக்கு. தொழு உரம் கையில் எடுத்தால் சாண வாடை வரக் கூடாது, மண் வாடைதான் வர வேண்டும்.

நர்சரிக் களிமண் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வைத்து, குமிழி வருவது நின்றபின், வெளிச்சுற்றில் ஓரங்குல மண்ணை விரலால் உதிர்த்து வேர் நுனி தெரிய நட்டோம். காகிதப்பூவுக்கு இதைச் செய்யக் கூடாது, வேரைச் சீண்டினால் அது பிழைப்பது கடினம்.

மல்லிக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை 15 லிட்டர், தூரில் மட்டும். மாதம் ஒரு நாள் 40 லிட்டர், வேருக்கடியில் தேங்கிய உப்பை இறக்க. முன்பு செய்ததுபோல தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேலேயே தங்கிவிடும். மேல்மண்ணில் வெள்ளைப் பூச்சு பூத்திருந்தது அப்படித்தான். மூடாக்குக்குக் காய்ந்த தென்னை ஓலையை நறுக்கிப் பரப்பினோம்.

தொடர்ந்து நடந்தவை

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. பவளமல்லி சாய்ந்தது, நிமிர்த்தி மூங்கில் முட்டுக் கொடுத்தார்கள். மணல் தரையில் தண்ணீர் நிற்கவில்லை. மண்ணின் வெள்ளைப் பூச்சு மறைந்தது, ஜனவரியில் வந்த இலைகளில் கருகல் இல்லை.

2024 மார்ச்சில் மல்லி மொட்டு வைத்தது. ஏப்ரல், மே மாதங்களில் ஐந்து செடியிலிருந்தும் நாளுக்கு 80 முதல் 110 மொட்டு வரை கிடைத்தது. ஜூனில் சில மொட்டுகள் அடி பருத்து ஊதா நிறமாகி, விரியாமல் உதிர்ந்தன. மொட்டு ஈயின் வேலை. அதன் புழு மொட்டுக்குள் வளர்ந்து மண்ணில் விழுந்து கூடுகட்டும். ஆகவே ஊதா மொட்டுகளைத் தினமும் பறித்து அப்புறப்படுத்தவும், மூடாக்கை விலக்கித் தூரைச் சுற்றி இரண்டங்குலம் கொத்திவிடவும் சொன்னோம். ஒரு மாதத்தில் வெகுவாகக் குறைந்தது.

கனகாம்பரத்தில் எட்டில் மூன்று செப்டம்பருக்குள் குன்றிச் செத்தன. பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது: நூற்புழு. மணலில் நூற்புழு இயல்பாகவே அதிகம், வந்த செம்மண்ணோடும் வந்திருக்கலாம். காலியான இடத்தில் துலுக்கச் சாமந்தியை நெருக்கி நட்டு, மூன்று மாதம் வளர்த்து மண்ணோடு மடக்கினார்கள்.

பன்னீர் ரோஜாவில் ஒன்று மே மாதம் போனது. குடும்பம் வெளியூர் சென்ற பத்து நாளில் ஏசி ஓடவில்லை, பார்த்துக்கொள்ள வந்தவர் மேல்தொட்டிக் குழாயைத் திறந்து ஊற்றிவிட்டார். அந்தக் குழாயில் இப்போது சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறது. தொட்டி இட்லிப்பூவுக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து பதினைந்து நாளைக்கொரு முறை மாலையில் தெளித்தார்கள். நான்காம் தெளிப்புக்குப் பின் புது இலை பச்சையாக வந்தது. பழைய மஞ்சள் இலை மாறவில்லை.

மல்லிக் கவாத்து நவம்பர் கடைசி வாரம் செய்வது வழக்கம். 2024இல் ஃபெங்கல் புயல் அந்த நேரம் வந்ததால், வெட்டுக்காயம் மழையில் அழுகாமல் இருக்க டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை அடியில் வெட்டினார்கள். பூப்பு பத்து நாள் தாமதமானது.

2025 மார்ச் நிலவரப்படி, தரையில் நட்ட 24, தொட்டியில் வைத்த 9 ஆகியவற்றில் நான்கு போயிருந்தன. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்து வந்து போகிறது. கிளை நுனியை ஒடித்து எறிந்து, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துச் சமாளிக்கிறார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வெயிலை ஒரே மாதத்தில் அளந்து தரையில் நட்டது தவறு. வடக்கு, தெற்குச் சந்துகளில் முதல் ஆண்டு தொட்டிகளை மட்டும் வைத்திருந்தால் பிப்ரவரி நடவு வீணாகியிருக்காது. கட்டட உயரமும் சந்தின் அகலமும் தெரிந்தால் டிசம்பர், ஜூன் நிழலைத் தாளிலேயே போட்டுவிடலாம், அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

செம்மண் லாரியை இறக்குமுன் அந்த மண்ணில் ஒரு தொட்டியில் தக்காளி நாற்று வைத்து, ஆறு வாரம் கழித்து வேரைப் பார்த்திருந்தால் நூற்புழு முடிச்சு தெரிந்திருக்கும். கனகாம்பரம் எட்டையும் ஒரே வரிசையாக நட்டதும் பரவலுக்கு வழி செய்தது. நடுநடுவே டிசம்பர் பூவை விட்டிருக்கலாம்.

தெற்கு மனையில் இப்போது அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். அங்கே இரண்டு மாடி எழும்பினால் குளிர்கால வெயிலும் தெற்குச் சந்துக்கு வராது. டிசம்பர் பூ நான்கிலும் குச்சி வெட்டிப் பைகளில் வேர்பிடிக்க வைத்தாயிற்று. அவை மொட்டைமாடிக்குப் போகும்.